கொம்பின் மேல் ஒரு ‘துணை’

ஒட்டப்பிடாரம் பக்கத்தில் இருந்த என் தாய்மாமன் வீட்டுப் பட்டாசலில், மாமாவின் தகப்பனார் படத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே, ஒரு மர முளையில் மாட்டுக்கொம்பு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றரைச் சாண் நீளம்; அகன்ற வாயில் மரக்கட்டை இறுகப் பொருத்தப்பட்டிருக்கும்; நுனியை அறுத்துத் துளையிட்டு அதில் ஒரு மரமுளையைச் செருகியிருப்பார்கள். விடுமுறைக்குப் போகும் எங்களையெல்லாம் அதன் கீழே நிறுத்தி, ‘ஏல, இது யாரு இடுப்புல கெடந்த மருந்துக்கொம்பு தெரியுமா?’ என்று மாமா கேட்பார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் துப்பாக்கி பிடித்த எங்கள் மூதாதை ஒருவர் வெடிமருந்து வைத்துக்கொண்டது என்பது விடை. விடைக்குச் சான்றாகக் கொம்பின் வயிற்றுப் பக்கத்தில் ‘செந்திலாண்டவன் துணை 1799’ என்று வெட்டியிருந்ததைக் காட்டுவார். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டு அது என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமா காலமான பின், வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இருக்கப் புறப்பட்ட அத்தை, அந்தக் கொம்பை ஒரு பழைய துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது என் மேசையில் கிடந்து என்னை நச்சரித்தது. அது பொய் என்று நான் நினைத்ததால் அன்று. மெய் என்று நினைப்பதற்கு ‘மாமா சொன்னார்’ என்பதைத் தவிர வேறொரு காரணமும் என்னிடம் இல்லை என்பதால். தொல்பொருள் எதிலும் எனக்குப் பயிற்சி கிடையாது. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களை எழுதியும் ஒப்புநோக்கியும் முப்பது ஆண்டுகள் பிழைத்தவன் நான். ஒரு தாள் தன்னைப்பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதும் அது உண்மையில் என்ன என்பதும் வேறுவேறு என்று அறிந்தவன்.

நச்சரிப்பை முற்றவைத்தவர் அமெரிக்காவில் இருக்கும் அத்தான், அதாவது மாமாவின் மூத்த மகன். நான் அனுப்பிய படங்களில் ஒன்றை அவர் அங்குள்ள ஒரு சேகரிப்பாளரிடம் காட்டியிருக்கிறார். இது அமெரிக்கக் கொம்பு, 1760-களைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர் மாட்டின் கொம்பு எப்படி அட்லாண்டிக்கைக் கடந்தது என்று தொலைபேசியில் சண்டைக்குப் போனேன். பிறகுதான் தெரிந்தது, அத்தான் காட்டியது எழுத்து இல்லாத பக்கத்தின் படத்தை மட்டும்.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அந்த மனிதர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. வெடிமருந்துக் கொம்பு என்றதும் உலகச் சந்தையின் நினைவுக்கு வருவது அமெரிக்கக் கொம்புதான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த மண்ணில் 1754 முதல் 1763 வரை நடத்திய போரிலும், அதன் பின் வந்த விடுதலைப் போரிலும், கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர்கள் ஓய்வு நேரங்களில் அதில் தம் பெயரையும் தேதியையும், ஆறுகளும் கோட்டைகளும் நிறைந்த வரைபடங்களையும்கூடச் செதுக்கினார்கள். இன்று அவற்றுக்குப் பெரும் விலை. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும் என்பதால், செதுக்கல் ஏதுமற்ற பழைய கொம்பை வாங்கி அதில் புதிதாகப் பெயரையும் ஆண்டையும் வெட்டி விற்பது அங்கே பழைய தொழில். கொம்பு பழையதாகவே இருக்கும்; எழுத்து மட்டும் நேற்றையது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குள் ஏதோ இலேசாக உறுத்தியது. ஆயினும் அதை மாமாவோடு சேர்த்துப் பார்க்க அப்போது மனம் வரவில்லை.

மற்ற நாட்டு வகைகளைக் கழித்துக்கொண்டே வருவது எளிதாக இருந்தது. ஸ்காட்லாந்துக் கொம்புகளைப் பெரும்பாலும் சூடாக்கிப் பலகைகளுக்கிடையே வைத்து அழுத்தித் தட்டையாக்கியிருப்பார்கள். மேலே பின்னல் கோலங்கள் இருக்கும். ஜெர்மானிய நாடுகளில் கலைமானின் கிளைக்கொம்பை அந்தக் கவட்டை வடிவத்தோடேயே குடைந்து குடுவையாக்கினார்கள். வட இந்திய அரண்மனைகளின் ‘பாருத்தான்’ என்ற மருந்துக்குடுவை சுருண்ட சங்கு வடிவை நாடியது. அதில் தந்தமும் பித்தளையும் ஒட்டகத் தோலும் புழங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்சன் போன்ற நிறுவனங்கள், விற்சுருள் வைத்து மருந்தை அளந்து விடும் செப்புக் குடுவைகளைப் பெட்டி பெட்டியாகச் செய்து அனுப்பியபின், கொம்புக்கு வேலை குறைந்துவிட்டது. எஞ்சியது ஒரே ஓர் ஐயம்: கும்பெனியின் பீரங்கிக்காரர்கள். சிப்பாய்களுக்குத் தாளில் சுற்றிய தோட்டா வந்துவிட்ட பிறகும், பீரங்கியைப் பற்றவைக்கும் காதுத்துளையில் மருந்து ஊற்றக் கொம்பு வேண்டியிருந்தது. பாளையங்கோட்டைப் படைமுகாமிலிருந்து அப்படி ஒன்று ஊருக்குள் வந்திருக்க முடியாதா? ஆனால் அவர்களுடையதில் வாய்க்குப் பித்தளைப் பூண் இருக்கும். கும்பெனிச் சொத்து என்பதற்கான முத்திரையும் இருக்கக்கூடும். எங்களுடையதில் உலோகம் என்று ஒரு குண்டூசி முனைகூட இல்லை.

நண்பர் ஒருவர் வேறு விதமாகப் பயமுறுத்தினார். வல்லநாட்டு மலையில் வெளிமான் இருக்கிறதே, இது அதன் கொம்பாக இருந்தால் வனத்துறை வழக்குப் போடும் என்றார். வெளிமானின் கொம்பு முறுக்கி முறுக்கி, வளையம் வளையமாக ஓடும். அதில் ஒரு படி மருந்து கொள்ளாது. எருமைக் கொம்பும் இல்லை: அது கறுத்து, தட்டையாக, குறுக்கே வரிகளோடு இருக்கும். இது உருண்டையானது; அடியில் இளமஞ்சளும் நுனியில் கறுப்புமாக நிறம் மாறுவது. காங்கேயம் காளையின் நீண்டு வளையும் கொம்பை ஒத்திருந்தது. அப்படியே இருந்தாலும் அதனால் தெரியவருவது சொற்பம். மாடு தாவணிக்குத் தாவணி கை மாறும் பிராணி. கொங்கு நாட்டில் பிறந்து கரிசல் காட்டில் ஏர் இழுத்துச் சாகும். மாட்டின் ஊர் வேறு, கொம்பின் ஊர் வேறு.

அடைப்புக்கட்டை

அகன்ற வாயை அடைத்த கட்டையைப் பார்க்கும்படி எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் தச்சுவேலை செய்யும் பெரியவர். கொம்பு என்பது உள்ளே எலும்பும் வெளியே நகத்தைப் போன்ற ஓடும் உடையது. அழுகவிட்டோ அவித்தோ எலும்பைக் கழற்றிவிட்டால் ஓடு கிடைக்கும். வெந்நீரில் இளகிய ஓட்டின் வாயைக் கூம்புக் கட்டையைச் செலுத்தி வட்டமாக்கி, ஈரம் புகாமல் மரத்தால் அடைத்துவிட்டால் ஏற்ற குடுவை ஆயிற்று. கனம் இல்லை, மழைக்கு ஊறாது, இரும்பைப்போல் உரசித் தீப்பொறி தராது, சுரண்டி மெல்லியதாக்கினால் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். கொம்பு எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அடைக்கிறவன் கைக்கெட்டிய மரத்தைத்தான் எடுப்பான். அமெரிக்கன் பைனையும் மேப்பிளையும் எடுத்தான்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டையின் விளிம்பை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தார். வெளிறிய பரப்பில் கறுத்த புள்ளிகள் நெருக்கமாக எழுந்தன. வருட வளையம் ஒன்றுகூட இல்லை. ‘பனை வைரம்லா’ என்றார். அதற்கு மேல் எந்த விளக்கமும் அவர் தரவில்லை; எனக்கும் வேண்டியிருக்கவில்லை. திருச்செந்தூர்த் தேரியிலிருந்து ஒட்டப்பிடாரம் கரிசல் வரை வீட்டுக்கு உத்தரமும் கைமரமும் தரும் மரம் அது. சுற்றிலும் மூங்கில் ஆணிகள். இடுக்குகளில் குங்கிலியமும் மெழுகும் கலந்த பூச்சு. அன்றிரவே அமெரிக்காவுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினேன். வெற்றி பெற்ற வழக்கறிஞரின் தொனி அதில் சற்று மிகுந்தே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஏனெனில் கட்டையும் முழுச் சான்று ஆகாது. பழைய கட்டை உளுத்துப்போய்ப் புதியது மாற்றப்பட்டிருக்கலாம். கொம்பைக் கடைசியாக மூடியவனின் ஊர் மட்டுமே அதில் தெரியும்.

இருந்தாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் நம் ஊர். ஆண்டோ கொம்பிலேயே இருக்கிறது. 1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கோட்டையிலிருந்து வந்த அறிவிக்கை, பாளையங்களில் துப்பாக்கி, ஈட்டி முதலிய ஆயுதங்களை யாரும் வைத்திருக்கக் கூடாது என்று தடுத்ததை முன்பே படித்திருக்கிறேன். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு மருந்துக்கொம்பை மட்டும் கூரை எரவாணத்தில் ஒளித்து வைத்த மூதாதை ஒருவரை நான் கண்ணால் காணத் தொடங்கினேன். குடும்பப் பெருமை ஒரு சான்றுக்காகக் காத்திருக்கும். அது கிடைத்துவிட்டால் மற்றவற்றைத் தானே படைத்துக்கொள்ளும்.

ணை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓர் அறக்கட்டளையின் பழைய ஓலை நகல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஆண்டு எல்லாம் மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டாகவே இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆவணங்களைப் புரட்டியவர்களுக்கு இது புதிதன்று. மலைக்கு அந்தப்பக்கத்துக் கணக்குதான் இந்தப்பக்கத்துப் பத்திரங்களிலும் நெடுங்காலம் ஓடியது. என் பார்வை தானாக மேசையிலிருந்த கொம்புக்குப் போயிற்று. கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய அந்த ஐப்பசி நம் கணக்கில் கொல்லம் 975. அதைத் தமிழ் எண்களில் ௯௱௭௰௫ என்று வெட்டியிருப்பான் எங்கள் துப்பாக்கிக்காரன். அல்லது ஆண்டின் பெயரை எழுதியிருப்பான். கும்பெனியோடு போரிட்டவன் கும்பெனியின் ஆண்டை, கும்பெனியின் எண்ணில், தன் கொம்பில் ஏன் வெட்டிக்கொள்கிறான்?

அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். பிற்காலத்தில் பேரன் எவனாவது நினைவுக்காக வெட்டியிருக்கலாம் அல்லவா? சமாதானத்தோடு பூதக்கண்ணாடியை எடுத்து எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், ‘துணை’யில் நின்றேன். ‘ணை’ என்ற எழுத்தில், இன்று எழுதுவதுபோல, முன்னால் ஐகாரக் குறி தனியாகவும் பின்னால் ‘ண’ தனியாகவும் இருந்தன.

என் தலைமுறைக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். இளையவர்களுக்காக ஒரு வரி: ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் அக்காலத்தில் யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் எழுத்தின் தலையிலேயே சுழித்து எழுதுவோம். 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகே இன்றைய வடிவம் பள்ளிக்கூடத்துக்கும் அச்சுக்கும் பொதுவாயிற்று. அதற்கு முன் இந்த வடிவத்தை விடாமல் பயன்படுத்தியவர் பெரியார். 1935 முதல் ‘குடி அரசு’ இதழ் அப்படித்தான் அச்சாயிற்று. ஆக, கொம்பில் இருந்தது பெரியார் எழுத்தில் ஒரு செந்திலாண்டவன் துணை. 1935-க்கும் 1978-க்கும் இடையில் அப்படி எழுதக்கூடியவர் முருகனைத் துணைக்கு அழைத்திருக்க மாட்டார். முருகனைத் துணைக்கு அழைப்பவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். நானே சற்று உரக்கச் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அதன்பின் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன. இரண்டு ஆண்டுகள் பார்த்தும் பாராமலிருந்தவை அவை. கொம்பின் மேற்பரப்பில் தலைமுறைகளின் எண்ணெயும் புகையும் படிந்து தேன் நிறத்தில் ஒரு படலம் இருக்கிறது. எழுத்தின் வெட்டு அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அடியில் வெளிறிக் கிடந்தது. கொம்பை அரிக்கும் புழு போட்ட பள்ளம் ஒன்று ‘லா’வின் அருகே உண்டு, அந்த எழுத்தின் கால் பள்ளத்துக்குள் இறங்கி மறுகரை ஏறியிருந்தது. எழுத்து முதலில் இருந்து புழு பிற்பாடு வந்திருந்தால், புழு எழுத்தைத் தின்றிருக்கும். அமெரிக்கப் போலிகளைப்பற்றி நான் படித்து வியந்த அதே அடையாளங்கள்தான். ‘செ’வின் ஒற்றைக்கொம்பு மட்டும் வெகு அழகாக வந்திருந்தது. கொம்பின் மேல் கொம்பு.

அத்தையிடம் நேரில் போய்க் கேட்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் தயங்கினேன். கேட்டபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஒளிவு மறைவு ஏதுமின்றி, ‘ஆமா, உங்க மாமாதான் கொத்துனாக. கட்டபொம்மனுக்கு இருநூறு வருசம்னு ஊரெல்லாம் விழா நடந்துச்சுல்லா, அந்த வருசம். நாலு நாளு திண்ணையில ஒக்காந்து ஆணியும் கையுமா இருந்தாக’ என்றார். 1999. பொய்யில்லையா அத்தை என்று என் வாய் வரை வந்தது. அவரே தொடர்ந்தார்: ‘எழுதலன்னா யாரு நம்புவான்னு கேட்டாக.’

மாமா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். பழைய எழுத்தில் படித்துவிட்டு, புதிய எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்த தலைமுறை. இருபது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, பழங்காலத்தவன்போல் நடிக்க உட்கார்ந்தபோதும் அரசாணையை மீறவில்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் 1999-க்கு வெகு முன்பே, சிறுபிள்ளைகளாக, அந்த எழுத்தைப் பார்த்திருப்பதாக உறுதியாக நினைவு கொண்டிருந்தோமே! அத்தானைக் கேட்டேன், அவரும் ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படித்ததாகச் சத்தியம் செய்தார். அவருடைய ஏழு வயது 1968. பத்திரத்தைவிடச் சாட்சியை நம்பாதே என்று தொழிலில் சொல்லிக்கொள்வோம். அந்தச் சாட்சி நானாகவே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

தேய்மானம்

எழுத்தைத் தள்ளிவைத்தபின் கொம்பு இலேசாகிவிட்டது. அதை முதன்முறையாகக் கொம்பாகப் பார்த்தேன். தோளிலோ இடுப்பிலோ தொங்கி நடந்த கொம்பு, உடம்பில் உரசும் பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும்; கயிறு கட்டும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இதன் இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன. கயிற்றுக்காக விட்ட குமிழில் செதுக்கிய உளியின் தடம்கூட அழியவில்லை. தேய்மானம் முழுவதும் நுனிக்கு அருகே, விரல் பிடிக்கும் அளவில், இரண்டு இடங்களில் இருந்தது. நுனித்துளையும் மிகப் பெரியது. துப்பாக்கியில் தீப்பற்றவைக்கும் கிண்ணியில் நுண்மருந்தைத் தூவ அது உதவாது. இது நடந்து திரிந்த கொம்பு இல்லை. ஓர் இடத்தில் இருந்து, எடுத்துக் கவிழ்க்கப்பட்டு, மறுபடி வைக்கப்பட்ட கொம்பு.

ஆடி மாதம் பக்கத்து ஊர் அம்மன் கொடைக்குப் போயிருந்தேன். மதியக் கொடைக்கு முன், வேட்டுப் போடும் முதியவர் கோயிலுக்குப் பின்புறத்து வெளியில் இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரி கொஞ்சம் கூட, கந்தகம் கொஞ்சம் குறைய. பாஞ்சாலங்குறிச்சியின் மருந்தும் இதுதான், இங்கிலாந்தின் மருந்தும் இதுதான். அவர் வேலை முடியும் வரை தள்ளி நின்று, பிறகு துண்டை அவிழ்த்துக் கொம்பை நீட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை; அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்க்கத்தான் வந்திருந்தேன்.

வலது கையால் வாங்கி, நுனியைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொடுத்து, கட்டைவிரலால் துளையை அடைத்து, பாதியளவு கவிழ்த்து, குழாய் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நிறுத்தினார். தேய்ந்திருந்த இரண்டு இடங்களும் அவருடைய விரல்களுக்குள் மறைந்துபோயின. ‘எங்க தாத்தாட்ட ஒண்ணு கெடந்துச்சு சார். வேட்டுக்கொம்பு. கட்டவெரலத் தூக்குனா மருந்து விழும், அமுக்குனா நின்னுரும். மேல செங்கப்பொடியப் போட்டு இடிக்கிறது’ என்றார். தாத்தாவுடையது எங்கே போயிற்று என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையசைத்தார்.

திருப்பித் தருமுன் கொம்பைச் சுழற்றிப் பார்த்தவர் எழுத்துப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாக வாசித்தார். ஆண்டைப்பற்றி ஏதாவது கேட்பார் என்று நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

‘யாரு எழுதுனது சார்?’

‘எங்க மாமா.’

‘நல்ல கையெழுத்து’ என்றார். துண்டில் சுற்றித் தந்துவிட்டு, திரியை எடுக்கப் போனார்.